பெயர் இழந்து திரும்பிய ஃபைல்கள்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் லேப்டாப். வாங்கி எட்டு வருடம். ஆன் செய்தால் விண்டோஸ் சின்னம் வரும், கீழே புள்ளிகள் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோனார். கடைப் பையன் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டான். "ஹார்டு டிஸ்க் போச்சு சார். புதுசு மாட்டி விண்டோஸ் போட்டுத் தந்துடறேன்."

"உள்ள இருக்கிறதெல்லாம்?"

"அது வராது சார்."

உள்ளே இருந்தவை: மகளின் கல்யாணப் படங்கள், பேத்தி தவழ்ந்து நடந்த இரண்டு வருடம், பாமினி எழுத்துருவில் அவரே தட்டிய நூற்றுச் சொச்சம் கட்டுரைகள். வேறெங்கும் பிரதி இல்லை. ஆசிரியர் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தன் பழைய மாணவர் ஒருவரிடம் போனார். கணினித் துறையில் வேலை பார்க்கும் அந்த மாணவர் செய்த முதல் காரியம், லேப்டாப்பின் பவர் பட்டனைத் தொட வேண்டாம் என்று சொன்னதுதான்.

அவர் கையில் எடுத்த கருவிகள் மூன்று: ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக். மூன்றும் இலவசம். மூன்றையும் அவர் ஓட்டியது முகவெட்டு இல்லாத வடிவில்தான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸுக்கு வேலையே இல்லை. உயிர் ஊசலாடும் டிஸ்க் ஒன்றில் இவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதே இந்த விமர்சனம்.

முதலில் நோயாளியைப் பற்றி. லேப்டாப்களில் வரும் இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். நொடிக்கு 90. தகட்டின் ஓரம் மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில், தகட்டைத் தொடாமல், படிக்கும் முனை மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் அந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று புரியும். முனை தகட்டில் உரசினால், உரசிய இடத்தில் இருந்த தகவல் தூளாகிவிட்டது என்று பொருள். அதனால்தான் சத்தம் முக்கியம். 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே தாளத்தில் கேட்டால் அது மென்பொருளால் தீரும் நோய் இல்லை. உடனே அணைத்துவிட வேண்டும். ஆசிரியரின் டிஸ்க்கில் அந்தத் தாளம் இல்லை. சுழன்றது, படித்தது, திடீரென்று மூச்சை அடக்கியதுபோல நின்றது, மறுபடி படித்தது. தகட்டில் சில இடங்கள் கெட்டிருக்கின்றன, முனை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கான அறிகுறி இது.

டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேபிள் வழியாக இன்னொரு கணினியில் மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தபோது மஞ்சள் எச்சரிக்கை எரிந்தது. 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளிலும் எண்கள் ஏறியிருந்தன. 05 என்பது கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட துண்டுகள், சி5 படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை, சி6 கைவிடப்பட்டவை. இந்த மஞ்சள் விளக்கு எரியாததால் டிஸ்க் நலம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போனவற்றில் 56 சதவீதம் முக்கியமான நான்கு அளவுகளில் எந்த முன்னறிவிப்பும் காட்டாமலே செத்திருந்தன.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் பிழை, விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டுவது. 'பிழைகளைச் சரிசெய்யவா?' என்று கேட்கும் எதற்கும் ஆமாம் போடுவது நமக்குப் பழக்கம். செக்டிஸ்க்கின் அக்கறை ஃபைல் அமைப்பு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில்தான். உங்கள் கல்யாணப் படத்தில் இல்லை. ஒழுங்குபடுத்தும் சாக்கில் சாகும் டிஸ்க்கின் மேலேயே எழுதும்.

டிடிரெஸ்க்யூ எதையும் சரிசெய்வதில்லை. அதன் பெருமையே அதுதான். அன்டோனியோ டியாஸ் டியாஸ் 2004 முதல் வளர்த்துவரும் இந்த மென்பொருள், டிஸ்க்கில் ஃபைல் இருக்கிறதா, போல்டர் இருக்கிறதா என்று கவலைப்படாமல் முதல் துண்டில் இருந்து கடைசித் துண்டு வரை அப்படியே இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கிறது. முள் மீன் சாப்பிடத் தெரிந்தவர்களின் முறை. முதல் சுற்றில் சதை உள்ள இடமாகப் பார்த்து வழித்தெடுக்கும். முள் தட்டினால் அங்கே மல்லுக்கு நிற்காமல் தாண்டிப்போகும். அடுத்து எதிர்த்திசையில் இருந்து வந்து பார்க்கும். பிறகு கெட்ட பகுதிகளின் ஓரத்தை நறுக்கும். கடைசியில்தான் முள்ளோடு ஒட்டிய துணுக்குகளை ஒவ்வொன்றாகச் சுரண்டும். சாதாரண காப்பி-பேஸ்ட் இதற்கு நேர் எதிர்: முதல் முள்ளிலேயே மாட்டி, அதையே திரும்பத் திரும்பக் கடித்து, டிஸ்க்கின் மிச்ச உயிரையும் வாங்கிவிடும்.

நல்ல நிலையில் உள்ள 500 ஜிபி டிஸ்க்கை இரண்டு மணி நேரத்தில் நகலெடுத்துவிடலாம். இந்த டிஸ்க் மாலையில் தொடங்கி மறுநாள் காலை வரை முதல் சுற்றிலேயே இருந்தது. நடுவில் சூடேறி, யுஎஸ்பி இணைப்பிலிருந்தே காணாமல் போனது. மாணவர் அதைக் கழற்றி, டேபிள் ஃபேன் முன்னால் ஆறவிட்டு, மீண்டும் மாட்டினார். விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது. எது வந்தது, எது வரவில்லை என்று கணக்கெழுதும் 'மேப் ஃபைல்' ஒன்றை டிடிரெஸ்க்யூ கூடவே வைத்திருக்கிறது. அந்தச் சின்ன ஃபைல் இல்லாவிட்டால் ஒவ்வொரு தடங்கலுக்கும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். இப்படிப்பட்ட டிஸ்க்குக்கு இரண்டாவது ஆரம்பம் கிடைப்பது அபூர்வம். மூன்றாம் நாள், சில எம்பி தவிர எல்லாம் நகலில் இருந்தது.

குறையும் சொல்ல வேண்டும். எந்த டிஸ்க்கிலிருந்து எதற்கு என்று கட்டளையில் இடம் மாற்றி எழுதிவிட்டால், காலி டிஸ்க்கின் வெறுமையை நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். நேரடியாக டிஸ்க்குக்கு டிஸ்க் நகலெடுக்காமல், பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரே ஃபைலாக எழுதவைப்பது பாதுகாப்பு. மாணவர் 1 டிபி டிஸ்க்கில் அப்படித்தான் செய்தார். பெயரிலும் ஒரு வம்பு உண்டு. நடுவில் அடிக்கோடு போட்ட டிடி_ரெஸ்க்யூ வேறொருவருடைய மென்பொருள். உபுண்டுவில் ஜிஎன்யூவின் கருவியை நிறுவ 'ஜிடிடிரெஸ்க்யூ' என்று தேட வேண்டும். ஆசிரியரே உட்கார்ந்து இதைத் தனியாகச் செய்திருக்க முடியாது. லினக்ஸ் பென் டிரைவில் கணினியைத் தொடங்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும் பழைய டிஸ்க்கை உறையில் போட்டு மூடிவைத்தாயிற்று. இனி எல்லாத் தேடலும் நகலில்தான். டெஸ்ட்டிஸ்க் நகலைப் பார்த்து டி டிரைவை அப்படியே விரித்தது: போல்டர், பெயர், தேதி எல்லாம் ஒழுங்கு. கல்யாணப் படங்கள் அரை மணி நேரத்தில் வந்துவிட்டன. சி டிரைவில்தான் கை விரித்தது. ஃபைல்களின் பெயர்களையும் இருப்பிடங்களையும் குறித்துவைக்கும் பதிவேட்டின் சில ஏடுகள், வராமல் போன அந்தச் சில எம்பிக்குள் அகப்பட்டிருந்தன. பேத்தியும் கட்டுரைகளும் சி டிரைவில், டெஸ்க்டாப்பில்.

டெஸ்ட்டிஸ்க்கை எழுதிய கிறிஸ்டோஃப் கிரெனியேயின் இன்னொரு படைப்பு ஃபோட்டோரெக். பதிவேட்டை அது திறந்தே பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகை ஃபைலும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தோடு தொடங்கும். ஜேபெக் படம் என்றால் முதல் மூன்று எண்கள் 255, 216, 255. ஃபோட்டோரெக் டிஸ்க் முழுவதையும் வரிசையாகப் படித்து, அந்த அடையாளம் கண்ட இடத்திலிருந்து ஒரு ஃபைலை வெட்டியெடுக்கிறது. பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் 480க்கும் மேற்பட்ட வகைகள் அதற்குத் தெரியும். வேர்டு ஃபைலும் அதில் அடக்கம். ஒரே ஃபைல் டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் மட்டும் பாதியோடு நிற்கும். பேத்தியின் வீடியோக்களில் சில அப்படித்தான் வந்தன, ஓடவில்லை.

விளைவு பிரமிப்பு, கூடவே எரிச்சல். ஐந்நூறு ஐந்நூறாக ஃபைல்களை அடைத்த போல்டர்கள் வரிசையாக வந்து குவிந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணும்தான். பேத்தியின் படங்களுக்கு நடுவே, எப்போதோ பார்த்த இணையப் பக்கங்களின் விளம்பரப் படங்கள், பொத்தான்கள், செய்தித்தாள் சின்னங்கள். டி (t) என்ற எழுத்தில் தொடங்கும் ஜேபெக் எல்லாம் பெரிய படங்களுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன முன்னோட்டங்கள். அவற்றை முதலிலேயே ஒதுக்கினால் பாதிச் சுமை குறைகிறது. கேமராவில் எடுத்த படத்துக்குள் எடுத்த தேதி பதிந்திருப்பதால் அதை வைத்து அடுக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு அந்த வசதியும் கிடையாது. உறவினர்கள் அனுப்பிய படங்கள் எந்த வருடத்தைச் சேர்ந்தவை என்பதைக் குழந்தையின் பற்களை எண்ணித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அழித்த ஃபைலை மீட்பதற்கு விண்டோஸிலேயே ரெகூவா, மைக்ரோசாஃப்ட் 2020இல் தந்த விண்டோஸ் ஃபைல் ரெகவரி போன்றவை இருக்கின்றன. நல்ல டிஸ்க்கில் தவறுதலாக அழித்ததற்கு அவை போதும். சாகும் டிஸ்க்கில் நேரடியாக அவற்றை ஓட்டுவது, காய்ச்சல்காரரைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல. எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை: அழித்த இடத்தை ட்ரிம் என்ற ஏற்பாடு பின்னாலேயே துடைத்துவிடுவதால் ஃபோட்டோரெக்குக்குத் தோண்ட மண்ணே மிஞ்சாது. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லையென்றால், கச்சிதமாக எடுத்த நகலும் பூட்டிய பெட்டிதான்.

'டிக் டிக்' டிஸ்க்குகளுக்குத் தூசி வடிகட்டிய அறை உள்ள ஆய்வுக்கூடம்தான் வழி. செலவு புது லேப்டாப் விலையைத் தொடக்கூடும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற கைவைத்தியம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. உள்ளே ஈரம் படியும், அவ்வளவுதான் பலன். அதே மாடல் டிஸ்க்கின் போர்டை எடுத்து மாட்டுவதும் இப்போது எடுபடுவதில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய தனி அளவீடுகள் அந்தப் போர்டின் சின்ன சிப் ஒன்றில் பதிந்திருக்கின்றன. அதையும் பெயர்த்து மாற்ற வேண்டும்.

கட்டுரைகள் இருந்த வேர்டு ஃபைல்கள் கடைசியாகத் திறக்கப்பட்டன. மாணவரின் கணினியில் பாமினி எழுத்துரு இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், பொருளில்லாத கலவை. "இது கெட்டுப்போச்சு போல ஐயா" என்றார் மாணவர், அடுத்ததைத் திறக்கப் போனார்.

"இரு தம்பி." ஆசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே குனிந்தார். மேசை மேல் அவர் விரல்கள், இல்லாத விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டின. "இது ரெட்டியார்பட்டிக் கிணறு பத்தி நான் எழுதினது. கெடல. மேல போ."

மாணவர் அந்த ஃபைலுக்கு 'கிணறு' என்று பெயர் வைத்தார். அந்தப் போல்டரில் இன்னும் 499 இருந்தன.