மூவர் பாடிய பாட்டு

1966இல் இரத்தினபுரியில் மூன்ஸ்டோன்ஸ் என்ற இசைக்குழு தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் ஊர்ப்பிள்ளையான அனெஸ்லி மாலேவன. மற்றவர் அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கிளாரன்ஸ் விஜேவர்தன. சிங்களப் பொப் இசைக்கு இந்த இருவரும் போட்ட அடித்தளத்தின் மேல்தான் பின்வந்த பல குழுக்கள் எழுந்தன. அறிவிப்பாளர் விஜய கொரயா வானொலியில் வழி திறந்துவிட்டார். ஜெரால்ட் விக்ரமசூரியவின் 'சூரியா' நிறுவனம் அவர்களுடைய பாட்டுகளை இசைத்தட்டாக வீடுகளுக்குக் கொண்டுபோனது. மூன்ஸ்டோன்ஸோடு பாடிய இந்திராணி பெரேரா தன் சகோதரிகள் இருவருடன் சேர்ந்து 'த்ரீ சிஸ்டர்ஸ்' என்ற பெயரிலும் பாடினார். பெண்கள் மூவர் பாடும் பொப் குழு என்று நம் நாட்டில் தேடினால் முதலில் கைக்கு எட்டுவது அந்தக் குழுதான். அதன் பின்னணியில் இரத்தினபுரி அடங்கிய சப்ரகமுவ இருக்கிறது என்பது தோட்டத்து வாசகர்களில் பலருக்குத் தெரியாது.

இத்தகைய குழுக்கள் ஏன் எழுகின்றன, ஏன் இவ்வளவு சீக்கிரம் விழுகின்றன? விழுவது குரல் அல்ல, குரலைச் சுற்றிக் கட்டப்பட்ட ஏற்பாடு என்பதே என் எண்ணம். இதைத் தெளிவாகக் காட்டும் இரண்டு குழுக்கள் நெதர்லாந்தில் இருந்தன.

முதலாவது 'லவ்'. 1976இல் ஹான்ஸ் வான் ஹேமர்ட், பீட் சௌவர் என்ற இரு பாடலாசிரியர்கள் திட்டமிட்டு உருவாக்கிய குழு அது. ஹோசே ஹுபே, பாட்டி பிரார்ட், மார்கா ஸ்கைடே மூவரும் பாடினார்கள். 1978இல் 'யூ ஆர் த கிரேட்டஸ்ட் லவர்' நெதர்லாந்திலும் மேற்கு ஜேர்மனியிலும் முதலிடம் பிடித்தது. பாட்டு, மெட்டு, ஒலிப்பதிவு எல்லாம் அந்த இரு ஆண்களின் கையில். 1980இல் பாட்டி பிரார்ட் விலக, ரியா தீல்ஷ் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே குழு கலைந்தது.

இரண்டாவது குழுவான 'மாய் தாய்' நமக்கு இன்னும் நெருக்கமானது. 1983இல் எரிக் வான் டைன், யோகெம் ஃப்ளூயிட்ஸ்மா என்ற தயாரிப்பாளர்கள் அமைத்த இந்தக் குழுவில் ஜெட்டி வெல்ஸ், கரோலின் டி விண்ட், மில்ட்ரெட் டக்ளஸ் பாடினார்கள். 1985இல் 'ஹிஸ்டரி' பிரித்தானியப் பட்டியலில் 8ஆம் இடத்தையும் 'பாடி அண்ட் சோல்' 9ஆம் இடத்தையும் தொட்டன. அதற்குப் பிறகு அந்த உயரத்தை அவர்களால் மறுபடி எட்ட முடியவில்லை. நடன மேடைகளின் தாளம் மாறிவிட்டது. தயாரிப்பாளர்களும் வேறு குரல்களைத் தேடிப் போனார்கள்.

இந்தப் பெண்களின் வேர் கயானாவிலும் சூரினாமிலும் இருக்கிறது. இரண்டும் கரும்புத் தோட்ட நாடுகள். சூரினாமில் அடிமை முறை 1863இல் ஒழிந்தது. பத்தே ஆண்டில், 1873இல், 'லல்லா ரூக்' என்ற கப்பல் இந்தியக் கூலிகளை அங்கே கொண்டுபோய் இறக்கியது. பக்கத்து நாடான கயானாவுக்கு 1838 முதலே இந்தியக் கூலிகள் போனார்கள். சென்னையில் கப்பலேறியவர்களும் அவர்களில் உண்டு. 1975இல் சூரினாம் விடுதலை பெற்றதை ஒட்டிப் பெருந்தொகையானோர் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். மன்னாரில் இறங்கி நடந்து வந்த நம் பாட்டன்மாரின் கதையும் இந்தக் கதையும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை. அங்கே தோட்ட நாடுகளின் வேர் கொண்ட பெண்களின் குரல் ஐரோப்பாவின் நடன மேடை வரை போனது. இங்கே தோட்டத்துப் பெண்ணின் குரல் லயத்து வாசலைத் தாண்டவில்லை.

பாடத் தெரியாததால் அல்ல. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி எல்லாம் பெண்களின் சொத்து. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும்போது ஒருத்தி ஆரம்பித்தால் பக்கத்து நிரைக்காரி வாங்கிக்கொள்ளலாம். எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து ரப்பர் மலைகளில் அந்த வசதியும் இல்லை. பால் வெட்டுகிறவளுக்கு 250, 300 மரம் தனியே ஒதுக்கப்படுகிறது. விடிவதற்கு முன் போய் ஒற்றையாக நின்று வெட்ட வேண்டும். எதிர்ப்பாட்டுப் பாட ஆள் இல்லை. அதனால் கூடிப் பாடும் பாட்டெல்லாம் கோயில் வாசலுக்கும் சாவு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

கும்மியைக் கிட்ட நின்று பார்த்தால் ஒன்று புரியும். ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் குனிந்து நிமிர்ந்து கைதட்டி அதைத் திருப்பிப் பாடுவார்கள். முன்பாடுகிறவளுக்கு மூச்சு வாங்கினால் கண்ணால் ஒரு சைகை காட்டுவாள். எதிரே நிற்கிறவள் அடுத்த அடியை எடுத்துவிடுவாள். தாளம் தப்பாது. ஒருத்தி விலகினால் குழு கலைவது அங்கே இல்லை. ஆனால் அந்தப் பாட்டைப் பதிவு செய்ய ஒரு 'சூரியா'வும் வரவில்லை.

மேடையில் பாடிய பெண் ஒருவர் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மை தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில், மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் அரசியல் பாட்டுப் பாடினார். 1940இல் அவற்றைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். எழுதியவரும் பாடியவரும் வெளியிட்டவரும் அவரே. 'லவ்' குழுவின் மூவருக்கும் கிட்டாத உரிமை அது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்கள் அவர் மறைந்தபின் 1987இல் நூலாயின. அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் நம் கையில் மிஞ்சியிருப்பது இன்னும் குறைவு.

எழுபதுகளில் ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் ஈழத்துத் தமிழ்ப் பொப்பை ஊரெங்கும் ஒலிக்கச் செய்தார்கள். அந்த அலையில் முன்னால் நின்றவர்கள் ஆண்கள். தோட்டத்திலிருந்து ஒரு பெண் குழு எழுந்திருக்கக் கூடிய காலமும் அதுதான். ஆனால் இந்திய வம்சாவளி மக்களைப் பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக எழுதிவைத்திருந்தது. சேர்ந்து பாடிப் பழகிய தோழிகளில் ஒருத்திக்கு இந்தியக் கடவுச்சீட்டு, இன்னொருத்திக்கு இலங்கைப் பிரசாவுரிமை. 1981 ஓகஸ்ட் இன வன்முறையில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. குடும்பம் குடும்பமாக வவுனியாப் பக்கம் போனார்கள். அதே ஆண்டில்தான் நெதர்லாந்தில் 'லவ்' கலைந்தது. அங்கே ஓர் இசை ஏற்பாடு முறிந்தது. இங்கே பாடகிகளின் வீடே எரிந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் 'வீழ்ச்சி' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அன்று தப்பித் திரும்பி வந்த பெண்கள் சிலர் கஹவத்தை, பெல்மதுளைப் பக்கத்தில் இன்னும் கும்மிக்கு அடி எடுத்துக் கொடுக்கிறார்கள். கைத்தொலைபேசி இல்லாத லயம் இன்று குறைவு. பதிவு செய்வது இப்போது எவருக்கும் எளிது. பதிவு செய்யும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: 'மலையக நாட்டார் பாடல்' என்று மட்டும் தலைப்பிட்டு விடாதீர்கள். பாடியவரிடம் சம்மதம் கேட்டு, அவர் பெயரையும் தோட்டத்தையும் டிவிசனையும் சேர்த்து எழுதுங்கள்.