ஆள் நுழையாத குகை

நிலத்தடி நீர் அடிமட்டத்துக்கு இறங்கும் ஆவணி, புரட்டாசியில்தான் எங்கள் பக்கம் கிணறு கலக்கி இறைப்பார்கள். யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் நான் வளர்ந்த வீட்டிலும் அப்படித்தான். பம்பு இரைந்து ஓய்ந்ததும் ஒருவர் கயிற்றைப் பிடித்து இறங்கி, சேற்றையும் சிரட்டையையும் எப்போதோ தவறவிட்ட வாளியையும் வாரி மேலே அனுப்புவார். ஒருமுறை இறங்கியவர் அடிப்பாறையில் இருந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். தோள்மூட்டு வரை போயிற்று. "உள்ளுக்குப் போய்க்கொண்டே இருக்குது தம்பி, தண்ணி சில்லெண்டு வருது" என்றார். மேலே நின்ற பெரியவர்களுக்கு அது ஊற்றுக்கண் நன்றாக இருக்கிறது என்ற சேதி மட்டுமே. எனக்கோ அந்தக் கை என்னத்தைத் தொட்டிருக்கும் என்ற கேள்வி இன்றும் மனதில் கிடக்கிறது.

குகைவாழ் உயிர்களைப் பற்றிய அறிவியல் சண்டிலிப்பாய்க்கு வந்தால், பார்க்க ஒன்றுமில்லை என்று திரும்பிப் போய்விடும். இங்கே மலை இல்லை. குனிந்து நுழைய ஒரு வாய் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறும் வயலும் வீட்டு வளவுகளுந்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இவை எல்லாம் நிற்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மேல். மழைநீர் அந்தக் கல்லை இலட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்து வெடிப்பும் குழாயும் பொந்துமாக்கி வைத்திருக்கிறது. கூரை இடிந்து விழுந்த இடங்களில் நிலாவரை போன்ற ஆழக் கிணறுகள் திறந்தன. கடலோரத்தில் கீரிமலைக் கேணியாய் நன்னீர் வெளியே வருகிறது. எங்கள் ஊரில் கல்வளைப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடிய பிள்ளையார். வளை என்றால் பொந்து என்றும் ஒரு பொருள் உண்டு. கல்லில் உள்ள வளைதான் கல்வளை என்று நான் அடம்பிடிக்கப் போவதில்லை. இடப்பெயர் ஆராய்ச்சியில் ஆசைக்கு இடம் கொடுத்தவர்கள் பட்ட பாடு தெரியும். என்றாலும் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் காலுக்குக் கீழே உள்ளதைத்தான் நினைக்கிறேன்.

நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்தது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதைக் கட்டுக்கதை என்று தள்ளுவது சுலபம். ஆனால் 1877இல் ஜேர்மனியில் தன்யூப் ஆறு மண்ணுக்குள் மறையும் இடத்தில் சாயத்தைக் கரைத்து, அது ஆக் ஊற்றில் வெளிப்படுகிறதா என்று காத்திருந்தவர்கள் செய்ததும் இதே வேலைதான். அவர்களுக்குச் சாயம், எங்களுக்குத் தேசிக்காய். நிலம் உள்ளே தொடர்புபட்டிருக்கிறது என்ற ஊகம் இரண்டிலும் ஒன்றே.

குகை உயிரியலின் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. அது குகையை மனித உடம்பால் அளந்தது. ஆள் நுழைந்தால் குகை. நுழைய முடியாவிட்டால் வெறும் பாறை. இன்றைய சுலோவேனியாவில் வெள்ளத்தோடு வெளியே வந்த வெளிறிய பிராணியை ஊரார் பறவைநாகத்தின் குட்டி என்று நம்பியதை வல்வசோர் 1689இல் எழுதிவைத்தார். 1768இல் அதற்குப் புரோட்டியஸ் என்று பெயரிடப்பட்டது. போஸ்தொய்னா குகையில் விளக்கோடு போனவர் கண்ட வண்டு 1832இல் முதல் குகை வண்டாக விவரிக்கப்பட்டது. அன்றிலிருந்து இத்துறை விளக்கும் கயிறும் கொண்டு நடந்துபோய்ப் பொறுக்குகிற துறையாகவே வளர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், 1907இல் இத்துறைக்கு அடித்தளம் இட்ட ருமேனியர் எமில் ரகோவிட்சா, இவ்வுயிர்களின் உண்மையான வீடு பாறையின் நுண்வெடிப்புகளே என்பதை அப்போதே உணர்த்தியிருந்தார். கோட்பாட்டில் ஒத்துக்கொண்டவர்கள் வேலைக்குப் போகும்போது குகை வாயிலைத்தான் தேடிப் போனார்கள்.

அப்படிப் போனதால் கிடைத்தது கொஞ்சமில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட வௌவால் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமே எட்டாத குகைக்குள் வௌவால்களைக் கூண்டில் அடைத்துவைத்தார்கள். அந்திக்குக் கூட்டம் வெளியே பறந்து விடியலில் திரும்பிக்கொண்டிருந்தவரை, கூண்டில் கிடந்தவற்றின் உடல் கடிகாரமும் அந்த ஒழுங்கிலேயே ஓடியது. கூட்டம் இல்லாத இடத்தில் அது தன் போக்கில் விலகிப் போயிற்று. சூரியனைக் காணாத உயிருக்குச் சொந்தக்காரர்களின் போக்குவரத்தே நேரம் காட்டியது. இதை ஆய்வுகூடத்துச் சுவர்களுக்குள் கண்டுபிடிப்பது எளிதல்ல. மெக்சிக்கோவின் கண்ணிழந்த குகைமீனின் முளையத்துக்குள், கண்ணுள்ள ஆற்றுமீனின் கண்வில்லையைப் பொருத்தியபோது அங்கே கண் வளர்ந்தது என்று 2000இல் காட்டினார்கள். கண் எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கே ஒரு குருட்டு மீன் விடை தந்தது. குகை இயற்கை கட்டிவைத்த ஆய்வுகூடம் என்று இத்துறையினர் பெருமைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அதே மெக்சிக்கோ மீன்தான் இத்துறையின் அவசரத்தையும் காட்டிக்கொடுக்கிறது. 1936இல் அதன் வெளிறிய தோற்றத்தைப் பார்த்து அதைத் தனிப் பேரினமாகவே வைத்தார்கள். பிறகு அது பக்கத்து ஆற்றின் கண்ணுள்ள மீனோடு இனம்பெருக்குகிறது என்று தெரிந்தபோது அந்தப் பேரினம் கலைந்தது. கண் இல்லை, நிறம் இல்லை என்றால் குகைவாசி. இரண்டும் இருந்தால் விருந்தாளி. இந்தக் கண்கட்டிய தீர்ப்பு இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

பொறுக்கும் பழக்கத்தின் விலை இதைவிடப் பெரிது. புரோட்டியஸ் பருவமடையவே ஏறத்தாழ 15 ஆண்டு. ஒரு பெண் பிராணி முட்டையிடுவது சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை. அப்படிப்பட்ட கூட்டத்தில் பத்து மாதிரிகளைச் சாராயப் போத்தலில் போட்டால் அந்த இழப்பு எத்தனை தலைமுறையில் நிரம்பும்? ஹிட்லரின் பெயரை வைத்த சுலோவேனியக் குகை வண்டு, பெயருக்காகவே சேகரிப்பாளர்களால் வேட்டையாடப்படுகிறது. 2006இல் நியூயோர்க் மாநிலக் குகையொன்றில் முதலில் காணப்பட்ட வெண்மூக்கு நோய் வட அமெரிக்காவில் இலட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றது. அந்தப் பூஞ்சணம் மனிதரின் சப்பாத்திலும் உடுப்பிலும் பயணம் செய்யக்கூடியது. பார்க்கப் போகிறவனே பாதிப்பாகிவிடும் துறை இது.

சரி, ஆள் நுழையாத குகையை எப்படிப் படிப்பது? விடை எங்களுக்கு எட்டாத தூரத்தில் இல்லை, கேரளத்தில் இருக்கிறது. அங்கேயும் நடந்துபோகும் குகை முக்கியமில்லை. செம்புறைக்கல்லின் துளைகளில் நீர் நிற்கிறது. வீட்டுக்கு வீடு கிணறு. கோட்டயத்துக் கிணற்றிலிருந்து வந்த குருட்டுக் கெளிறு ஹொராக்லானிஸ் கிருஷ்ணையை 1950இல் மேனன் விவரித்தார். பிறகு நெடுங்காலம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அண்மைக் காலத்தில்தான் வாளியிலும் குழாயிலும் தொட்டியிலும் விசித்திர மீனைக் கண்ட சாதாரண மக்கள் ஆய்வாளருக்குச் சொல்லத் தொடங்கினார்கள். 2018 வெள்ளத்தின் பின் வயலில் அகப்பட்ட ஒன்றின் படம் சமூக ஊடகத்தில் வந்தது. அது 2019இல் ஈனிக்மசன்னா கொல்லம் ஆயிற்று. மறு ஆண்டே அதற்கெனத் தனிக் குடும்பம் வகுக்க வேண்டியதாயிற்று. 2023இல் வந்த புதிய கெளிற்றுக்கு மக்களை நினைத்தே ஹொராக்லானிஸ் பாப்புலி என்று பெயர் வைத்தார்கள். ஆறு ஆண்டு ஊர்மக்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வின் பயன் அது.

இந்த வேலை இரண்டு பழைய நம்பிக்கைகளை உடைத்தது. நிலத்தடியில் வாழ்ந்தாலும் ஈனிக்மசன்னா கொல்லத்துக்குக் கண்ணும் செம்பழுப்பு நிறமும் உண்டு. ஹொராக்லானிஸ் கெளிறுகளோ தோற்றத்தில் ஒன்றுபோலிருந்து மரபணுவில் வெகுதூரம் விலகியிருக்கின்றன. கண்ணால் பார்த்து வகுக்கும் முறை இரண்டு பக்கமும் வழுக்கிவிட்டது.

ஆனால் கிணற்று முறையைத் தலையில் தூக்கிவைத்து ஆட நான் தயாரில்லை. கிணற்றுக்கு வருவது வெளியே தள்ளப்பட்டது மட்டுமே. வெள்ளத்திலோ இறைப்பிலோ அடித்துவரப்பட்ட ஒன்றை வைத்து அது எங்கே மேய்ந்தது, எங்கே முட்டையிட்டது என்று எதுவும் சொல்ல முடியாது. தெருவில் கிடைத்த ஒற்றைச் செருப்பை வைத்து ஊரை விவரிப்பது போன்றது அது. படத்தை அனுப்பும் மக்களும் மீனைத்தான் கவனிப்பார்கள். அரிசிக் குறுணியளவு ஓட்டுடலியை யார் கவனிப்பார்கள்?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்தக் குறை கூடுதலாகப் பொருந்தும். எங்கள் நன்னீர், கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீற்றர் இருக்கலாம். மேலே கொஞ்சம் குறைந்தாலும் கீழிருந்து உப்பு ஏறும். நிலாவரையில் ஆழம் போகப் போக நீர் உப்பாவது இதனால்தான். இத்தகைய இரட்டை நீரில் உலகெங்கும் கிடைப்பவை பெரும்பாலும் கடல்வழி வந்த ஓட்டுடலிகள். பகாமாசில் இப்படிப்பட்ட குகையொன்றில் 1979இல் ஜில் யேகர் கண்ட நூற்றுக்கால் போன்ற நீச்சற்பிராணி, ரெமிபீடியா என்ற புதிய வகுப்பையே திறந்துவைத்தது. ஆகவே இங்கே கேரளத்து மீனைத் தேடுகிறவர் ஏமாறக்கூடும். பொடிப் பிராணிகளைத் தேடுகிறவருக்கே என் பந்தயம். மேற்கு அவுஸ்திரேலியாவில் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்பவர்கள் துளைக்கிணறுகளில் நுண்வலை இறக்கி நிலத்தடி உயிர்களைக் கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே பக்கத்துப் பக்கத்துச் சுண்ணக்கல் திட்டுகளிலேயே தனித்தனிக் குருட்டு நீர்வண்டுகள் கிடைத்தன. ஆளே நுழையாமல், ஒரு நுண்வலையும் கயிறும் கொண்டு செய்த வேலை.

எங்கள் கிணறுகளை ஆராயாமல் விட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. நைத்திரேற்று, உப்பு, மலக்கிருமி என்று அளந்து தள்ளியிருக்கிறார்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. இவை அவசியமான ஆய்வுகள். ஆனால் பெரும்பாலானவற்றில் கிணறு என்பது குடிநீர்ப் பாத்திரம். பாத்திரத்தில் உயிர் இருந்தால் அது அழுக்கு. அதனால் குளோரின் போடுகிறோம். நகரத்து மலேரியா நுளம்பான அனோபிலிஸ் ஸ்டீபன்சை மன்னாரில் இருப்பதாக 2017இல் அறிவிக்கப்பட்ட பின் வடக்கின் கிணறுகள் சந்தேகத்துக்குள்ளாயின. கூத்தம்பி தின்னும் கப்பி மீன் விடுவது வழக்கமான மருந்தாயிற்று. மேலே தண்ணீர் அள்ள ஒரு கப்பி, உள்ளே நுளம்பு தின்ன ஒரு கப்பி. மலேரியாவைப் பட்டறிந்த நாட்டில் அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வெளிநாட்டு மீன், ஊற்றுக்கண்ணருகே வரும் எந்தப் பொடிப் பிராணியையும் கூத்தம்பி என்றே நினைத்துத் தின்னும். விடுவதற்கு முன் ஒருமுறை வலை போட்டுப் பார்த்துக் குறித்துவைக்கப் பெரிய செலவு இல்லை.

நீரில் கரைந்த மரபணுத் துணுக்கை வைத்தே உயிரைக் கண்டறியும் முறை இப்போது வந்திருக்கிறது. பால்கன் பகுதியில் புரோட்டியஸ் இருக்கும் நிலத்தடிகளை அப்படித்தான் ஒரு போத்தல் தண்ணீரில் கண்டார்கள். கொல்லத் தேவையில்லை, இறங்கத் தேவையில்லை. ஆனால் ஒப்பிட ஒரு மரபணுப் பதிவு முன்பே இருக்க வேண்டும். பெயரே வைக்காத உயிரை அது பெயர் சொல்லிக் காட்டாது. ஆகவே முதலில் ஒரு மாதிரி வேண்டும், பிறகு போத்தல் போதும். சாராயப் போத்தலுக்கு நான் தரும் இடம் அந்த ஒன்றோடு சரி.

இந்தப் புரட்டாசியில் உங்கள் கிணறு இறைக்கும்போது பம்பை நம்பாதீர்கள். அதன் சுழலி பொடிப் பிராணியை அரைத்துவிடும். கிணறு முதலில் வற்றி, ஊற்றுக்கண்ணிலிருந்து புதுநீர் வரும் நேரத்தில் நாலு வாளி கையால் அள்ளுங்கள். பழைய வெள்ளை வேட்டித் துண்டில் மெல்ல வடித்து, துண்டில் நின்றதை ஒரு வெள்ளைக் கோப்பைத் தண்ணீரில் கழுவிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். வெளிறியது ஏதாவது அசைந்தால் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, எந்த ஊர், என்ன திகதி என்று குறித்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்குத் தெரிவியுங்கள். கோப்பையில் இருப்பதைக் கிணற்றிலேயே திருப்பி ஊற்றிவிடுங்கள்.