பாயைச் சுருட்டுவது எந்த அட்டையில் இருக்கிறது?

'உள்ளடங்கிய கல்வி' என்கிறார்கள். யாரை, யார், எதற்குள் அடக்குவது என்று கேட்டால், பயிற்சி தர வந்தவர் "அடுத்த தலைப்புக்குப் போலாம் சார்" என்கிறார். 1994இல் ஸ்பெயின் நாட்டு சாலமன்காவில் கூடிய உலக மாநாடு, எல்லாப் பிள்ளைகளையும் பொதுப்பள்ளியில் சேர்க்கச் சொன்னது. நல்லதுதான். நாங்களும் பொதுப்பள்ளியில்தான் படிச்சோம். ஒரே அறைதான். கடைசி வரிசை.

ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான ஏணி முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் தமிழகம் முழுக்க வந்தது. அட்டை, ஏணி, பாய், கீழ்மட்டக் கரும்பலகை. வாத்தியாரும் தரையில்தான் உட்கார வேண்டும். இதைக் கேலி பேசியவர்கள் நிறைய. நான் பேச மாட்டேன். பிள்ளை எந்தத் தெரு என்று பார்க்காமல் எந்த அட்டையில் நிற்கிறது என்று பார்த்துக் குழு பிரித்த ஏற்பாடு அது. நான் வேலை பார்த்த பள்ளியில் ஊர்த்தெருப் பையனும் சேரிப் பிள்ளையும் முட்டி இடிக்க உட்கார்ந்ததை முதல்முறையாகப் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன். அதோடு நின்றுவிட்டேன். அதுதான் என் தப்பு.

ஒருநாள் சாயங்காலம் மூணாவது படிக்கிற எங்க தெருப் பிள்ளை கேட்டது: "சார், பாயைச் சுருட்டுறது எந்த அட்டைல சார் இருக்கு?" தினமும் அதைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அது இல்லாத நாளில் அதன் தங்கச்சியை. நானும் அதே அறையில்தான் இருந்தேன்.

மறுநாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்து எல்லாப் பெயரையும் அகர வரிசையில் எழுதி ஒட்டினேன். பாய்க்கு, தண்ணீர்க் குடத்துக்கு, விளக்குமாற்றுக்கு. மூன்றாம் நாள் ஒரு அப்பா வந்து நின்றார். "எம்புள்ள கூட்டுறதுக்கா பள்ளிக்கூடம் வருது?"

"அந்தப் புள்ள மட்டும் அதுக்கா வருது?" என்றேன். பதில் இல்லை. பட்டியல் நான் மாறுதலாகிப் போகும்வரை சுவரில் இருந்தது. பிறகு கிழித்துவிட்டார்களாம்.

எனக்குத் தந்த கையேட்டில் வாசிப்புக்குக் கட்டம் இருந்தது, கணக்குக்குக் கட்டம் இருந்தது. பாய்க்குக் கட்டம் இல்லை. அளக்காதது வகுப்பில் நடக்காததாகிவிடுகிறது. 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது, அட்டை மாறியது. 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் கூடப் படித்தவர்களாலேயே வெட்டப்பட்டான். அதற்குப்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்கச் சொன்னது. வரவேற்கிறேன். பெஞ்சுக்கு அகர வரிசை சரி. விளக்குமாற்றுக்கும் அதே வரிசை வரட்டும். அதன் பிறகு 'உள்ளடங்கியது' என்று எழுதுங்கள்.