முன்னூத்தி நாலு

சீட்டாட்டம் என்றால் ரம்மிதான் என்று இருப்பவர்களை மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன், மண்டபம் பக்கம் கூட்டிவர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலையைச் சீர்செய்து ஓய்ந்த மத்தியான வேளையில், படகு நிழலில் நாலு பேர் சம்மணம் போட்டால் என் கால் தானாக அங்கே நின்றுவிடும். முன்னூத்தி நாலு! இதைவிடச் சிறந்த சீட்டாட்டம் உலகத்தில் இருப்பதாக யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டு. ராஜாவுக்கு இங்கே பெரிய மவுசு இல்லை. ஜாக்கிதான் தலைவன், 30 புள்ளி. அடுத்தவன் ஒன்பது, 20. ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. முதலில் கைக்கு நாலே சீட்டுதான். மீதி நாலு என்ன வருமென்று தெரியாமலே “நூத்தி அறுபது” என்று கேட்க வேண்டும். என்ன துணிச்சலான ஆட்டம்! அதிகம் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனமென்று அவருடைய ஜோடிக்கே தெரியாது. இறங்கிய இனம் கையில் இல்லாதவர் வேறொரு சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். துருப்புக்காரர் அதை எடுத்துப் பார்க்கிற அந்த நொடி இருக்கிறதே, வெட்டு விழுந்ததா இல்லையா என்று நாலு பேரும் மூச்சைப் பிடித்திருப்பார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. “ஜாக்கி வெளிய வர்ற வரைக்கும் ஒம்பதைப் பத்திரமா வச்சிருந்தீரே மாப்ள!” என்று ஒரு பெரியவர் என் தோளைத் தட்டியதைப் பட்டமாகவே நினைக்கிறேன்.

இதன் பூர்வீகம் ஒல்லாந்தர் நாடு என்பது சீட்டாட்ட வரலாற்றை ஆராய்பவர்களின் கருத்து. ஜாக்கியையும் ஒன்பதையும் உச்சியில் வைக்கும் ஆட்டக் குடும்பம் அங்கிருந்துதான் கிளைத்தது. சுவிட்சர்லாந்தின் யாஸ் அதே குடும்பம். அங்கே 1796இல் அதன் பெயர் ஆவணத்தில் ஏறியது. ஆனால் அங்கெல்லாம் துருப்பு இனத்தில் மட்டுமே ஜாக்கிக்கு முதல் மரியாதை. நம் ஆட்டத்தில் நாலு இனத்திலும் அவன்தான் ராஜா. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த ஒல்லாந்தர், சேதுபதிகளோடு ஒப்பந்தம் போட்டு இந்தக் கரையிலும் வணிகம் செய்தவர்கள். கடலின் இரு கரையிலும் ஒரே ஆட்டம் நிலைத்ததில் எனக்கு வியப்பே இல்லை. யாழ்ப்பாணத்தில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த ஆட்டம். 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு போர் வந்தது, மண்டபம் முகாமுக்கு மக்கள் வந்தார்கள். அப்படி வந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரோடு ஜோடி சேர்ந்திருக்கிறேன். பேச்சுதான் வேறு, புள்ளிக் கணக்கு அட்சரம் பிசகவில்லை.

கேரளத்தில் இதன் தம்பி ‘இருபத்தெட்டு’. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. என்னைத் துள்ள வைத்தது டர்பன் சங்கதி. 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலில் இறக்கியது. அவர்கள் வழிவந்த தென்னாப்பிரிக்க இந்தியர்கள் இன்றும் உயிராக ஆடும் ‘துனி’யில் 24 சீட்டுதான், எட்டும் ஏழும் கிடையாது. ஆனால் ஜாக்கிக்கு அதே 30, ஒன்பதுக்கு அதே 20, மொத்தம் அதே 304! கரும்புத் தோட்டத்தில் முதுகொடிய உழைத்தவர்களின் சந்ததி இந்தக் கணக்கைச் சிந்தாமல் வைத்திருப்பதை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

காசு வைக்காதீர்கள், இந்த ஆட்டத்துக்கு அது தேவையே இல்லை. வீட்டிலுள்ள கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரை எடுத்து ஒதுக்குங்கள். மூன்று பேரைக் கூப்பிடுங்கள். நாலு சீட்டு கைக்கு வந்ததும் தயங்காமல் நூத்தி அறுபது கேளுங்கள்.