மூன்று புள்ளிகள்

ஒரு கலைஞரின் வேலை பிடித்துவிட்டால் அவரை நேரில் பார்க்கப் போகக்கூடாது என்பது என் பழைய கொள்கை. எழுத்தைப் படித்துவிட்டு எழுதியவரைத் தேடிப் போய் ஏமாந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். என்னைத் தேடி வந்தவர்களையும் சேர்த்துத்தான். ஆனாலும் 2019-இல் பிலிப்பைன்ஸுக்குப் போனபோது, மணிலாவோடு திரும்ப மனமில்லாமல், வடக்கே மலைப்பிரதேசத்துக் கலிங்கா மாகாணத்தில் புஸ்கலான் என்ற கிராமத்துக்குப் போனேன். பெயரைக் கேட்டுப் பரணி பாடிய கலிங்கத்தை நினைக்கவேண்டாம். தலை கொய்த கதை மட்டும் இங்கேயும் உண்டு.

வண்டி ஓர் இடத்தோடு நின்றுவிடுகிறது. பிறகு படிப்படியான நெல்வயல்களைப் பார்த்துக்கொண்டே நடைதான். போனது வாங்-ஓட் என்ற மூதாட்டியைக் காண. 1917-இல் பிறந்தவர், பச்சை குத்துகிறவர். ஆண்கள் செய்துவந்த அந்தத் தொழிலைத் தகப்பனாரிடம் சிறு வயதிலேயே கற்றவர்.

கருவிகள் சொற்பம். குச்சியின் நுனியில் செருகிய ஒரு முள். பம்பளிமாஸ் போன்ற மரத்தின் முள். அதைத் தட்ட இன்னொரு குச்சி. தண்ணீரில் குழைத்த கரி. நம் ஊரில் குறத்தி ஊசியைக் கையில் பிடித்துக் குத்துவாள், இங்கே தட்டுகிறார்கள். கிராமத்துக்குள் நுழையும்போதே டொக் டொக் என்ற சத்தம் காதில் விழுகிறது.

அந்தக் காலத்தில் இந்தக் கோலங்களை ஆண்பிள்ளை சம்பாதிக்கவேண்டும். பகைவன் தலையோடு திரும்பியவனுக்குத்தான் மார்பில் இடம். பெண்களுக்கு அழகுக்காகக் குத்தினார்கள். தலை கொய்வது ஒடுக்கப்பட்டபின் வீரர்கள் குறைந்தார்கள். 2009-இல் ஓர் அமெரிக்க மானிடவியலாளரின் தொலைக்காட்சித் தொடர் இவரை உலகத்துக்குக் காட்டிற்று, யாத்ரிகர்கள் வந்தார்கள். இன்று பலகையில் எழுதியிருக்கும் உருவங்களில் ஒன்றை விரலால் காட்டினால் போதும். தலையும் வேண்டாம், வீரமும் வேண்டாம்; காசு போதும். அர்த்தம் போய்விட்டது என்று புலம்பத் தயாராகத்தான் நானும் போயிருந்தேன்.

புலம்ப விடவில்லை, ஒரு பூரான். கிழவியாருக்குக் குழந்தைகள் இல்லை. ரத்த சம்பந்தம் இல்லாதவர் இந்தக் கலையைக் கற்றால் குத்திய இடம் சீழ் பிடிக்கும் என்பது அங்கே நம்பிக்கை. ஆகவே பேத்தி முறைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அந்த இளம்பெண்களில் ஒருத்தி ஒரு வாலிபனின் கையில் பூரான் குத்திக்கொண்டிருந்ததை ஒரு மணி நேரம் பார்த்தேன். காகிதத்தில் பூரானை யாரும் வரையலாம். கை உருளை; உள்ளே சதை; சதைக்கு அசைவு. முழங்கையை மடக்கினால் பூரானும் வளையவேண்டும், நீட்டினால் ஓடவேண்டும். அவள் அடிக்கடி அவன் கையை மடக்கச் சொல்லி, பார்த்து, பிறகு தட்டினாள். காலுக்கும் காலுக்கும் விட்ட இடைவெளியில்தான் அந்தப் பிராணிக்கு உயிர் வந்தது. தலை கொய்யாதவன் கையிலும் அது நல்ல பூரான்தான்.

மூதாட்டியோ அப்போது மூன்று புள்ளிகள் மட்டும்தான் வைத்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய கையெழுத்து. விமர்சகன் என்ற முறையில் சொன்னால் அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எழுதாத காகிதத்தின் அடியில் போட்ட கையொப்பம். எனக்கு அது புதிதும் அல்ல. சில வருஷங்களாகப் பதிப்பகத்தார் என்னிடம் நாவல் கேட்பதில்லை. மற்றவர்கள் எழுதிய நாவலுக்கு முன்னுரை கேட்கிறார்கள். நானும் எழுதிக் கொடுக்கிறேன், மூன்று பக்கம். அட்டையில் என் பெயரும் வந்துவிடுகிறது. சில சமயம் நாவலாசிரியர் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாக. அந்த நாவல்களில் இரண்டு, நான் எழுதியவற்றைவிட நல்ல நாவல்கள். முன்னுரையில் அதை நான் சொல்லவில்லை.

இவ்வளவும் யோசித்துக்கொண்டே வரிசையில் நின்றேன். எந்த வரிசையில் என்று கேட்கிறீர்களா? கிழவியாரின் வரிசையில்தான். என் முறை வந்ததும் முழங்கையை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோலைப் பார்த்தார், கட்டைவிரலால் இழுத்துப் பிடித்தார், தட்டினார். அந்த விரலின் பிடி நூற்றிரண்டு வயதின் பிடியாக இல்லை. வலித்தது, கையை உதறிவிட்டேன். நடுப்புள்ளி விலகி விழுந்தது என் குற்றம்.

2023-இல், 106-ஆவது வயதில், அவர் படம் பிலிப்பைன்ஸ் வோக் பத்திரிகையின் அட்டையில் வந்தது. வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் இறங்கி வந்த மலைப்பாதையில் எனக்கு முன்னால் அந்த வாலிபன் கை வீசி நடந்தான். வீச்சுக்கு வீச்சு பூரான் ஓடிற்று. வண்டி நிற்குமிடம் வரை நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.