ஹோல்பைனின் சாக் முகங்கள்: வரமும் வரம்பும்

16ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் இங்கிலாந்தில் வரைந்த உருவப்படங்களில் ஏறக்குறைய 80 தாள்கள் வின்சர் கோட்டையில் இருக்கின்றன. பெரும்பாலானவை தைலவண்ண ஓவியங்களுக்காகச் சாக்கில் வரைந்த முன்வரைவுகள். முடிந்த ஓவியத்தைவிட இவற்றில் உயிர்ப்பு கூடுதல் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. அந்தப் பாராட்டில் ஒரு பங்கு சாக்குக்கும் உரியது. ஆனால் அது கொடுத்ததோடு, கொடுக்க முடியாமல் போனதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அக்காலச் சாக் மண்ணிலிருந்து வெட்டி எடுத்தது. கறுப்பு, கரிமம் கலந்த மென்பாறை. சிவப்பு, இரும்பு ஆக்சைடு ஏறிய களிமண், நம் காவிக்கல்லுக்கு உறவு. சாக்கின் தூள் தாளின் மேடுகளில் பிடித்து, பள்ளங்களை வெறுமையாக விடும். விரல் பட்டால் பரவும். வெள்ளிக் கம்பியால் வரையும் வெள்ளிமுனை நுண்கோடு மட்டுமே தரும்; சாக்கோ கன்னத்தின் வளைவையும் இமையடி நிழலையும் ஒரே தீற்றலில் தந்துவிடும். உலரக் காத்திருக்கவும் வேண்டாம். அதிக நேரம் உட்காராத பிரமுகர்களை வரைய இதைவிடத் தோதான பொருள் இல்லை.

முதல் வருகையின்போது, 1526-27இல் வரைந்த அறிஞர் தாமஸ் மோர் படத்தில் இந்தப் பலம் தெரிகிறது. பூசாத தாளில் முகம் மென்மையாகத் திரள்கிறது. கோடுகள் நெடுக ஊசித்துளைகள். உருவத்தைப் பலகைக்கு மாற்றக் குத்தியவை. 1527இல் முடிந்த ஓவியம் இன்று நியூயார்க்கின் ஃபிரிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1532இல் இரண்டாம் முறை இங்கிலாந்து வந்தபின் ஹோல்பைன் இளஞ்சிவப்புப் பூச்சிட்ட தாளுக்கு மாறினார். தோல்நிறம் தயாராக இருந்ததால் வேலை சுருங்கியது. விலையும் உண்டு: கிழவருக்கும் இளைஞருக்கும் அடிநிறம் ஒன்றே ஆயிற்று. சாக்கால் எட்ட முடியாத கூர்மைக்கு, இமையோரத்திலும் உதட்டுக்கோட்டிலும் மையைத் துணைக்கு அழைத்தார். உடையில் இந்தப் போதாமை இன்னும் வெளிப்படை. அரசவையாளர் வில்லியம் பார் படத்தில் வெல்வெட்டை வரைந்து காட்டாமல், எந்த நிற வெல்வெட் என்று ஜெர்மனில் எழுதியே வைத்தார். நேர நெருக்கடியும் காரணமாகலாம். ஆனாலும் துணியின் பளபளப்பு சாக்கின் கைக்கு அடங்காதது.

நிலையாமை இன்னொரு குறை. பல தாள்கள் உராய்ந்து மங்கிவிட்டன. சில கோடுகள் பிறர் கை பின்னாளில் அழுத்தியவையா என்ற விவாதம் ஓயவில்லை. நாம் நளினம் என்று வியப்பதில் தேய்மானமும் கலந்திருக்கிறது.

தொழில்முறையில் இரண்டாம் காலத் தாள்கள் திறன்மிக்கவை. ஆனால் முகத்தைப் படிக்க என் தேர்வு முதற்காலத் தாள்களே. அங்கே தோலின் நிறம் பூச்சிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாகத் தேடி வரையப்பட்டிருக்கிறது.