தவறிய கேட்சும் தவறும் உரிமையும்

1999 ஜூன் 13. லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானம். உலகக்கோப்பையின் சூப்பர் சிக்ஸ் சுற்று. எங்கள் காலனியில் அப்போது இரண்டே வீட்டில்தான் டி.வி. ஒரு வீட்டுத் திண்ணையில் இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். க்ளூஸ்னர் போட்ட பந்தை ஸ்டீவ் வா மிட்விக்கெட் பக்கம் அடித்தார். நேராகக் கிப்ஸ் கைக்குப் போனது. பிடித்தும் விட்டார். சந்தோஷத்தில் பந்தை மேலே தூக்கிப்போடப் போனவர் கீழே நழுவ விட்டார். 56 ரன்னில் தப்பிய ஸ்டீவ் வா 120 அடித்து, ஆட்டமிழக்காமல் ஆஸ்திரேலியாவைக் கரைசேர்த்தார். நாலு நாள் கழித்து அதே இரண்டு அணிகளும் மோதிய அரையிறுதி சமனில் முடிந்தது. பட்டியலில் மேலே இருந்த காரணத்தால் ஆஸ்திரேலியா இறுதிப்போட்டிக்குப் போனது. ஹெடிங்லியில் அன்று தோற்றிருந்தால் அந்த அணி அப்போதே ஊருக்கு மூட்டை கட்டியிருக்கும்.

திண்ணையிலிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "பய நல்லாத்தான் ஆடுவான். ஆனா நம்ப முடியாதுடா."

இந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. ஏனென்றால் அன்றைக்கு அதே ஆட்டத்தில் கிப்ஸ் 101 ரன் அடித்திருந்தார். அதை யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்வதில்லை. கேட்சைத்தான் சொல்கிறார்கள். "உலகக்கோப்பையையே கீழே போட்டுட்டியே" என்று ஸ்டீவ் வா கேட்டதாக ஒரு கதை உலாவுகிறது. அப்படிச் சொல்லவில்லை என்று அவரே மறுத்துவிட்டார். கதை நின்றபாடில்லை. சொல்லாத வார்த்தை நிலைத்துவிட்டது, அடித்த சதம் அழிந்துவிட்டது. ஒரு மனிதனின் வாழ்க்கை யாரால், எப்படி எழுதப்படுகிறது என்பதை இந்த ஒரு நாளிலிருந்தே வாசிக்கத் தொடங்கலாம்.

ஹெர்ஷல் கிப்ஸ் 1974இல் கேப் டவுனில் பிறந்தவர். 1950இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் தென்னாப்பிரிக்காவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இனமுத்திரை குத்தியது. கிப்ஸுக்குக் கிடைத்த முத்திரை 'கலர்டு'. வெள்ளையருக்குக் கீழே, கறுப்பருக்கு மேலே என்று அரசாங்கம் போட்டுவைத்த படி அது. படிநிலை என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே கேப் டவுனில் அதே முத்திரையோடு வாழ்ந்த பேசில் டி'ஒலிவெரா, சொந்த நாட்டுக்கு ஆட வழியில்லாமல் 1960இல் இங்கிலாந்துக்குப் போனார். 1968இல் இங்கிலாந்து அணியில் அவர் பெயர் இடம்பெற்றதும், அந்த அணியை உள்ளே விட முடியாது என்றது வெள்ளை அரசு. சுற்றுப்பயணம் ரத்தானது. 1970க்குப் பிறகு இருபத்தோரு வருடம் தென்னாப்பிரிக்கா சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. 1991இல் கதவு திறந்தது. பதினாறு வயதிலேயே மேற்கு மாகாண அணிக்கு ஆடியிருந்த கிப்ஸ், 1996இல் கல்கத்தாவில் முதல் டெஸ்ட் ஆடினார்.

கதவு திறந்தது என்றேனே, எவ்வளவு திறந்தது? 1998 இறுதியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது, முதல் டெஸ்டில் தென்னாப்பிரிக்கா இறக்கிய பதினொரு பேரும் வெள்ளையர். மண்டேலா குடியரசுத் தலைவராக இருந்த நாட்டில் இது நடந்தது. கண்டனம் எழுந்தது. அணியில் வெள்ளையர் அல்லாதவருக்கும் இடம் வேண்டும் என்று வாரியம் இலக்கு வைத்தது. வைத்த உடனே, "தகுதி செத்துப்போச்சு" என்ற ஒப்பாரியும் கிளம்பியது. இந்த ஒப்பாரியின் ராகம் நமக்கு மனப்பாடம்.

இந்தச் சூழலில்தான் கிப்ஸ் மீது 'நிலையற்றவர்' என்ற சொல் ஒட்டியது. அந்தச் சொல் பொய் என்று நான் வாதாட வரவில்லை. முதல் டெஸ்ட் சதத்துக்கு அவர் 1999 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தபோது கிறைஸ்ட்சர்ச்சில் 211 ஆட்டமிழக்காமல் வந்தது. 2002இல் ஒருநாள் போட்டிகளில் அடுத்தடுத்து மூன்று சதம். நாலாவதில் 97இல் நிற்கும்போது வங்கதேசப் பந்துவீச்சாளர் போட்ட ஒரு வைடில் ஆட்டமே முடிந்துபோனது. 2003 ஜனவரியில் சொந்த ஊரில் பாகிஸ்தானுக்கு எதிராக 228. ஸ்மித்தோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 368. இப்படிக் குவிப்பார். பிறகு ஒற்றை இலக்கத்தில் வரிசையாகப் போவார். ஆட வேண்டாத பந்துக்கு மட்டையை நீட்டி ஸ்லிப்பில் கொடுத்துவிட்டு நடப்பார். அதைப் பார்த்து நாங்களும் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறோம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 90 டெஸ்ட், 14 சதம், சராசரி 41.95. ஒருநாள் போட்டியில் 248 ஆட்டம், 8094 ரன், 21 சதம். அதே காலத்தில் இங்கிலாந்துக்குத் தொடக்க ஆட்டக்காரராக இருந்த மைக்கேல் ஆதர்ட்டனின் டெஸ்ட் சராசரி 37.69. அவரைப் பற்றி எழுதியவர்கள் 'பாறை' என்றார்கள், 'உறுதி' என்றார்கள். ஆதர்ட்டன் நல்ல ஆட்டக்காரர்தான். 1995இல் ஜோகன்னஸ்பர்க்கில் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்று 185 எடுத்து ஆட்டத்தைக் காப்பாற்றியவர். அவர் சந்தித்த பந்துவீச்சு வேறு, ஆடிய அணியின் நிலைமை வேறு. எனவே யார் பெரியவர் என்பதைச் சராசரி தீர்மானிக்காது. என் கேள்வி வேறு. 38ஐத் தொடாதவர் பாறை, 42ஐத் தொட்டவர் வீணடித்தவர் என்றால், அந்தச் சொற்கள் ரன்களை மட்டும் அளக்கவில்லை. பின் வேறெதை அளக்கின்றன?

கிப்ஸ் பற்றிய எழுத்துகளை வரிசையாகப் படித்தால் ஒரு பிரிவினை தெரியும். ஆட்டம் அவருக்குப் 'பிறவியிலேயே வந்தது'. கை தானாக ஓடியது. கண் கூர்மை, கால் துள்ளல், பாயிண்டில் பாய்ந்து பிடிக்கும் உடம்பு. எல்லாம் உடம்பு. உழைப்பும் ஒழுங்கும் மூளையும் அணியிலிருந்த மற்றவர்களுக்கு. அதாவது அடித்தால் இயற்கை அடித்தது. அவுட்டானால் அவன் அவுட்டானான். வெற்றியில் அவருக்குப் பங்கில்லை, தோல்வி முழுக்க அவருடையது. பறையடிப்பவனுக்குத் தாளம் ரத்தத்திலேயே இருக்கிறது என்று பாராட்டுகிறார்களே, அந்தப் பாராட்டும் இதே கணக்குதான். பயிற்சி என்ற சொல் நம் பக்கம் வராது. அது சபாவுக்குச் சொந்தம்.

2006 மார்ச் 12, ஜோகன்னஸ்பர்க். ஆஸ்திரேலியா 434. உலகமே அதுவரை பார்க்காத எண்ணிக்கை. தென்னாப்பிரிக்கா ஒரு பந்து மீதி இருக்க, ஒரு விக்கெட் கையிலிருக்க, 438 அடித்து ஜெயித்தது. அதில் கிப்ஸ் 111 பந்தில் 175. முந்தின இரவு குடித்துவிட்டு மப்புக் கலையாமல் வந்து ஆடியதாக 2010இல் வெளியான தன்வரலாற்றில் அவரே எழுதிவிட்டார். இப்போது அந்த 175ஐப் பேசுகிறவர்கள் முதலில் பாட்டிலைத்தான் பேசுகிறார்கள். எந்தப் பந்தை எங்கே அடித்தார், எப்படித் தேர்ந்தெடுத்து அடித்தார் என்ற பேச்சு அடியோடு போயிற்று. இதற்குக் கதவு திறந்துவிட்டவர் அவரேதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்ததுதான் கனமான விஷயம். 2000 மார்ச், நாக்பூர். அணித்தலைவர் ஹான்சி குரோனியே கிப்ஸிடம் வந்து, இருபது ரன்னுக்குள் அவுட்டாகிவிடு, 15,000 டாலர் என்றார். ஹென்றி வில்லியம்ஸிடம் ஐம்பது ரன்னுக்கு மேல் கொடுத்துவிடு என்றார். இரண்டு பேரும் சரி என்றார்கள். அந்த அணியில் இவர்கள் இருவரும் வெள்ளையர் அல்லாதவர்கள். குரோனியே பீட்டர் ஸ்ட்ரைடமிடமும் பேசிப் பார்த்தார், அவர் மறுத்தார். காலிஸ், பவுச்சர், க்ளூஸ்னரிடம் பாதி விளையாட்டாகப் பேச்சைப் போட்டுப் பார்த்தார்; அவர்கள் தள்ளிவிட்டார்கள். எனவே நிறத்தைப் பார்த்து மட்டுமே போனார் என்று சாதிக்க முடியாது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. அணியில் தன் இடம் உறுதியென்று நம்புகிறவன் கேப்டனிடம் 'இல்லை' என்று சொல்வதும், நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவன் சொல்வதும் ஒரே எடையா? ஆண்டை கூப்பிட்டால் 'சரிங்க' என்று வாய் முந்திக்கொள்வதை நம் தாத்தாக்கள் உடம்பில் பார்த்திருக்கிறோம்.

இது மன்னிப்பு அல்ல. கிப்ஸ் முதலில் பொய் சொன்னார். பிறகுதான் கிங் ஆணையத்தின் முன் ஒப்புக்கொண்டார். ஆறு மாதத் தடை, அபராதம். வேடிக்கை என்னவென்றால், நாக்பூரில் இறங்கியவர் பேரத்தை மறந்து 53 பந்தில் 74 அடித்துவிட்டார். தோற்பதற்குக் கூட அவரை நம்ப முடியவில்லை! வாழ்நாள் தடை பெற்ற குரோனியே 2002இல் விமான விபத்தில் இறந்தார். 2004இல் ஒரு தொலைக்காட்சி நடத்திய 'மகத்தான தென்னாப்பிரிக்கர்' வாக்கெடுப்பில் அவருக்குப் பதினோராவது இடம். சறுக்கி விழுந்த மகான் என்று அவருக்கு ஒரு கதை கிடைத்தது. கிப்ஸுக்கு அந்தக் கதை கிடைக்கவில்லை. அவர் 'எப்பவுமே அப்படித்தான்'.

சரி, கிப்ஸை நம்ம ஆள் என்று தோளில் தூக்கிக்கொள்ளலாமா? 2007 ஜனவரியில் செஞ்சூரியன் டெஸ்டின்போது பாகிஸ்தான் ரசிகர்களைப் பற்றி அவர் பேசிய இனவெறிப் பேச்சு ஸ்டம்ப் மைக்கில் பதிவானது. தடை விதித்தார்கள். விதித்தது சரி. முத்திரை குத்தப்பட்டவன் இன்னொருவன் மேல் முத்திரை குத்த மாட்டான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. படிநிலையின் சூட்சுமமே அதுதான்; ஒவ்வொருவனுக்கும் மிதிக்க ஒரு படியைக் கீழே வைத்திருக்கும். நமக்குள்ளேயே உட்சாதிச் சண்டையில் இதைப் பார்க்கிறோம், பேசத் தயங்குகிறோம். அதே ஆண்டு மார்ச்சில் உலகக்கோப்பையில் நெதர்லாந்துக்கு எதிராக ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர். சர்வதேச ஆட்டத்தில் முதல்முறை. ஜனவரியில் தலைகுனிவு, மார்ச்சில் கொண்டாட்டம். இரண்டுமே கிப்ஸ்தான். ஒன்றை வைத்து மற்றதை அழிக்கக் கூடாது.

அவருடைய தன்வரலாற்றில் மூத்த ஆட்டக்காரர் சிலர் குழுவாகச் சேர்ந்து அணியை ஆட்டிவைத்தார்கள் என்று குற்றம் சாட்டினார். பத்திரிகைகள் குடியையும் பெண்களையும் தலைப்பாக்கின. அந்தக் குற்றச்சாட்டை ஒழுக்கமில்லாதவனின் பொருமல் என்று ஒதுக்குவது சுலபமாகப் போயிற்று. பத்து வருடம் கழித்து, 2020இல், மகாயா நிட்டினி வாய் திறந்தார். 390 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். சாப்பிடப் போகலாம் வா என்று யாரும் தன் அறைக் கதவைத் தட்டியதில்லை என்றார். பேருந்தில் தனியாக உட்காரப் பிடிக்காமல் விடுதிக்கும் மைதானத்துக்கும் ஓடியே போய் வந்தேன் என்றார். உடற்பயிற்சி வெறி என்று உலகம் புகழ்ந்த ஓட்டம் அது! 2021இல் விசாரணை மன்றத்தின் முன் பால் ஆடம்ஸ் வந்தார். வெற்றிக் கொண்டாட்டப் பாட்டில் சக ஆட்டக்காரர்கள் தன்னை நிறத்தைச் சொல்லி இழிவாக அழைத்ததைச் சாட்சியமாகச் சொன்னார். இவர்கள் கிப்ஸோடு ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தவர்கள். அந்த அறையைத் தெரிந்துகொண்ட பிறகு, பழைய விமர்சனங்களை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

நிலைத்தன்மை என்பதை ஒரு மனிதனின் குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். காலூன்ற இடம் இருக்கிறதா என்பதும் அதில் சேரும். இரண்டு டெஸ்ட் சரியாக ஆடாவிட்டால் 'ஃபார்ம் இல்லை' என்று ஒருவனுக்குப் பெயர். இன்னொருவனுக்கு 'கோட்டா'. முதலாமவன் தனக்காக மட்டும் அவுட்டாகிறான். இரண்டாமவன் அடித்த முட்டையைத் தெருவே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கல்லூரியில் ஓர் 'அரியர்' வைத்தால் அது பாடத்தில் தோல்வியா, இடஒதுக்கீட்டின் தோல்வியா என்று அனுபவித்த மாணவத் தோழர்களுக்குத் தெரியும்.

சமத்துவத்தைப் பேசும்போது நாம் எப்போதும் சாதித்தவர்களையே சாட்சிக்கு அழைக்கிறோம். பாருங்கள், எங்களாலும் முடியும் என்கிறோம். அதற்கு ஒரு தேவை இருந்தது. ஆனால் பிசகுகிறவனுக்கும், சோம்பல்படுகிறவனுக்கும், ஒரு நாள் 175ம் மறுநாள் முட்டையும் அடிக்கிறவனுக்கும் இடம் இருக்கிறதா என்பதுதான் கடைசிச் சோதனை. மற்றவர்களுக்கு அந்த இடம் எப்போதும் இருந்திருக்கிறது.

திண்ணையில் அன்று "நம்ப முடியாதுடா" என்ற பெரியவரும் காலனிக்காரர்தான். அவருக்கு அந்த வார்த்தையை யார் கொடுத்தார்கள்? அவரைப் பற்றி ஊர்த்தெருவில் சொல்லிவந்த அதே வார்த்தை அது.